வேண்டுதல் லாண்டரி

அக்காவின் உதடு அசைவதைத்தான் அவன் விற்றான். அந்த அசைவுக்குள் என்ன சொல் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பதினாறு வருடமாக அந்த லாண்டரியில் இரண்டே பேர். முன்னால் கவுன்டரில் அவன். பச்சைத் திரைக்குப் பின்னால் இஸ்திரி மேசையில் அக்கா. 'தம்பி, தம்பி' என்று அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாற்பத்து மூன்று வயதாகி முன்னந்தலை வெளிச்சம் போட ஆரம்பித்த பிறகும் தெருவுக்கே அவன் தம்பிதான். மீசை முளைக்காத பயல்கள்கூட வண்டியை நிறுத்தாமல் "தம்பி, பேன்ட் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கடை வந்ததும் அந்தக் குரல்களும் குறைந்தன. போனை ஒரு தட்டு தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்து துணியை அள்ளிக்கொண்டு போகிற கடை. உள்ளே வட்டக் கண்ணாடி வைத்த எட்டு மெஷின்கள் எப்போதும் எதையாவது விழுங்கிக்கொண்டிருக்கும். மூன்றே மாதத்தில் அவனுடைய அலமாரியில் பாதித் தட்டுகள் காலி.

"துணி குறைஞ்சா குறையட்டும்டா. இடுப்பு வலியும் சேர்ந்து குறையுது" என்றாள் அக்கா. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தது. 'உங்கள் தொழிலின் ஆன்மாவைக் கண்டெடுங்கள். சிறு வியாபாரிகளுக்கு ஒரு நாள் பயிற்சி.' போனான். ஹாலில் நாற்பது பேர். பயிற்சி கொடுத்த அம்மாள் செருப்பில்லாமல் நடந்தபடி, தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலப் பேசினாள். சோப்பு எல்லோரும்தான் போடுகிறார்கள். உங்களிடம் இருக்கிற, அவர்களிடம் இல்லாத ஒன்று எதுவோ, அதுதான் உங்கள் ஆன்மா என்றாள். மைக் ஆள் ஆளாக நகர்ந்தது. அவனுக்கு முன்னால் இருந்த சாவி செய்கிறவர் எழுந்து, "நான் பூட்டை மட்டும் திறக்கலை, மனசையும் திறக்கிறேன்" என்றார். கைதட்டல் எழுந்ததும் அவரே திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கோ தட்டுகிறார்கள் என்று.

மைக் அவன் கைக்கு வந்தது. கண்ணை மூடினான். பச்சைத் திரையின் இடுக்கு தெரிந்தது. இடுக்கில் அக்கா. குனிந்த தலை, மேலும் கீழும் போகிற பெட்டி, ஓயாமல் அசைகிற உதடு. பெட்டியின் சீறலுக்கு நடுவே எப்போதாவது கவுன்டர்வரை வந்து விழுகிற ஒரே சொல். வேணும்... வேணும்...

"எங்க அக்கா ஒவ்வொரு துணிக்கும் வேண்டிக்கிட்டுத்தான் பெட்டியை வைப்பாங்க" என்றான்.

ஹால் அடங்கிப்போனது. மூன்றாவது வரிசையில் கேக் கடைக்காரம்மா கண்ணைத் துடைத்தாள். பயிற்சி அம்மாள் நெஞ்சில் கை வைத்து, "இதுதாங்க, இதுதான்" என்றாள். பிறகு எழுந்த கைதட்டலில் அவன் காது மடல் சூடேறியது. பெருமை என்று நினைத்துக்கொண்டான். பொய் சொல்லி முடித்த பிள்ளைக்கும் காது அப்படித்தான் சூடாகும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. அங்கேதான் சிக்கல். தலை குனிந்து 'வேணும், வேணும்' என்று முணுமுணுக்கிறவள் வேறு என்ன செய்துகொண்டிருக்க முடியும்? கேட்டிருக்கலாம். கவுன்டரிலிருந்து திரைக்கு நாலு எட்டு. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்கவில்லை.

பத்தே நாளில் வாசலில் புதுப் பலகை ஏறியது: 'வேண்டுதல் லாண்டரி'. பழைய பலகையில் 'லாண்டரி' என்று மட்டும்தான் இருந்தது, அதிலும் முதல் எழுத்து பாதி உதிர்ந்து. அக்கா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னடா இது, கோயில் கடை மாதிரி?"

"சும்மா ஒரு பேருதான்க்கா. ராசியான பேராம்."

அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல உள்ளே போய்விட்டாள். துணியை மடித்துக் காகிதம் சுற்றுவது அவன் வேலை என்பதால் மற்றது அவள் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஊக்கு குத்திய ஒரு சீட்டு. 'இந்தத் துணி எங்கள் அக்காவின் வேண்டுதலோடு தேய்க்கப்பட்டது.' பின்பக்கம் காலி இடம். அங்கே துணி கொடுக்கிறவர்கள் தங்கள் வேண்டுதலை எழுதி, கவுன்டரில் இருந்த கண்ணாடி ஜாடியில் போடலாம். சீட்டில் ரசீது எண்ணும் உண்டு. ஜாடி நிறைந்தால் அவன் மேசை டிராயரில் கவிழ்ப்பான். உதிரிப் பொத்தான், ஊக்கு, மழுங்கின பிளேடு, அவற்றுக்கு மேலே ஜனங்களின் வேண்டுதல். ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

கூட்டம் வந்தது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், திரையின் இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள், அக்காவின் உதடு அசைவதைக் கண்டதும் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

"ஏன்டா தம்பி, எல்லாரும் ஏதோ ஐ.சி.யூ. வாசல்ல நிக்கிற மாதிரி குசுகுசுன்னு பேசறாங்க? எனக்குச் சரியாக் காதுல விழ மாட்டேங்குது" என்றாள் அக்கா. அவளுக்கு எதற்குக் காதில் விழவேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை.

நீலச் சட்டையோடு அந்த அம்மாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கழுத்தில் ஆஸ்பத்திரி பார்வையாளர் அட்டை. அதைக் கழற்ற மறந்திருந்தாள், அல்லது கழற்றி மாட்டுவது வீண் வேலை என்று விட்டிருந்தாள். அரைக்கைச் சட்டையைக் கவுன்டரில் விரித்தாள்.

"வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. வலது தோள்ல கட்டு. அந்தப் பக்கம் கஞ்சி வேணாம், உறுத்தும். பட்டன் துளை கொஞ்சம் தளர்வா வேணும், அவருக்கு விரல் இன்னும் மடங்கலை. வியாழக்கிழமை காலையில வேணும். அன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறதாச் சொல்லியிருக்காங்க."

"அக்காகிட்ட சொல்லிடறேன்" என்றான். பதினாறு வருடமாக எல்லோருக்கும் சொல்கிற பதில். அடுத்த ஆள் வந்து நின்றதும் மறந்துபோகிற பதில். ரசீதில் எண்ணும் விலாசமும் உருப்படியும் தவிர வேறெதுவும் எழுதுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் துணி ஒவ்வொன்றும் கேட்டபடியே வெளியே வந்துகொண்டிருந்தது. தன் நிர்வாகம் அப்படி என்று நம்பிக்கொண்டிருந்தான்.

ரசீதோடு அவன் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் அந்த அம்மாள் வெகுநேரம் எழுதினாள். நாலாக மடித்து ஜாடியில் போட்டுவிட்டு, ஜாடியை இரண்டு கையாலும் ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பி ஹேங்கர் எண்ண ஆரம்பித்தான். பதினொன்று. மறுபடி எண்ணினான். பதினொன்றுதான்.

வியாழக்கிழமை அவரை அனுப்பவில்லை. காய்ச்சலாம். சட்டை பையிலேயே கசங்கித் திரும்பி வந்தது. அடுத்த வியாழனும் அதே கதை. அந்த அம்மாள் மறுபடி சீட்டு எழுதினாள், மறுபடி ஜாடியைப் பிடித்தாள். அவள் தெருமுனையில் திரும்புவது தெரிந்தாலே அவனுக்கு ஷட்டருக்குப் பின்னால் ஏதோ வேலை வந்துவிடும்.

மூன்றாவது தடவை ஒளிய முடியவில்லை. நடுமதியம், கடையில் வேறு ஆள் இல்லை. தன் சட்டையை அக்கா தேய்க்கும்போது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்றாள்.

"ஒரே ஒரு தடவை தம்பி. என் காதால கேட்டா, போய் அவர்கிட்டச் சொல்லுவேன். அவர் இப்பல்லாம் சுவத்தைப் பாத்துத்தான் படுக்கறாரு."

"வேண்டிக்கற நேரத்துல யாரும் உள்ள போகக்கூடாதும்மா. மௌனம் கலைஞ்சிடும்."

யோசிக்காமலே வந்துவிட்டது. அவ்வளவு வழவழப்பாக வந்ததில் அவனுக்கே உள்ளுக்குள் ஏதோ நழுவியது.

அதே நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல்: "யாரு தம்பி, நீலச் சட்டைதானே? உள்ள வரச் சொல்லு. பட்டன் துளையைப் பாத்துடட்டும்."

அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு போனாள். அவனும் பின்னாலேயே ஓடினான். எதைத் தடுக்க என்று தெரியாமல்.

உள்ளே சூடேறிய மேசை வாசமும் ஈரத் துணி வாசமும். அக்கா சட்டையைத் தூக்கிப் பிடித்து, துளைகளின் ஓரத்தைப் பிரித்துத் திரும்ப நூல் ஓட்டியிருப்பதைக் காட்டினாள். ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் மட்டும் போட்டுக் காட்டினாள். "மடங்காத விரலுக்கும் போதும், பாருங்க."

அந்த அம்மாள் அதைப் பார்க்கவில்லை. குரலை இறக்கி, "நீங்க வேண்டிக்கறதைக் கேக்கணும்" என்றாள்.

"நான் எதைம்மா வேண்டிக்கறேன்?"

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், துணியில் கறை தேடுகிறதுபோல. ஒரு தடவை படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். வாசலில் தொங்கும் பலகை, குசுகுசுப் பேச்சு, இடுக்கில் எட்டிப் பார்க்கும் முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என் வாயில இல்லாததை என் வாயில வெச்சிருக்கியேடா" என்றாள். சத்தமே இல்லை. கத்தியிருக்கலாம்.

"அப்ப உதடு அசையுதே? வாசல்லேருந்து நாங்க எல்லாரும் பாக்கறோமே" என்றாள் அந்த அம்மாள்.

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. திருடி மாட்டிக்கொண்டவள்போலப் புடவைத் தலைப்பைத் திருகினாள். "அதுவா... மறந்துடக்கூடாதுன்னு சொல்லிக்கறதும்மா. நீங்க முன்னாடி என்ன சொல்றீங்களோ அதை. இவன் சொல்லிடறேம்பான், சொல்ல மாட்டான். நான் இங்கேருந்தே காதுல வாங்கிப்பேன். துணி கைக்கு வர்றவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் தங்கும்."

"எனக்கு என்ன சொன்னீங்க?"

அக்கா கண்ணைத் தாழ்த்தினாள். உதடு அசைந்தது. இந்தத் தடவை சத்தத்தோடு.

"வலது தோள்ல கட்டு, அந்தப் பக்கம் கஞ்சி வேணாம், உறுத்தும். பட்டன் துளை தளர்வா வேணும், விரல் மடங்கலை. வியாழக்கிழமை காலையில வேணும். வீட்டுக்கு அனுப்பறாங்க."

வேணும். வேணாம். வேணும். அவன் நாற்பது பேருக்கு நடுவில் நின்று விற்ற வேண்டுதல் இதுதான். பதினாறு வருடமாக அவன் சொல்லாமல் விட்டது ஒவ்வொன்றையும் ஒருத்தி திரைக்குப் பின்னால் பொறுக்கி எடுத்துக் காய்ந்த வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் அவன் சீட்டடித்து ஊக்கு குத்தியிருக்கிறான்.

அந்த அம்மாள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் எழுதிப் போட்டது?"

அவன் கண் டிராயர் பக்கம் போய்விட்டது. அக்கா அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போய் டிராயரை இழுத்தாள். பொத்தான்களுக்கும் பிளேடுகளுக்கும் மேலே மடித்தது மடித்தபடி ஒரு குவியல். அந்த அம்மாள் தன் சீட்டுகளை மடிப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றில் ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தது. நிதானமாகக் கழற்றினாள்.

"இதை நான் வேற யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள், அவனிடம் இல்லை, சீட்டிடம். சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் "அக்கா" என்று ஆரம்பித்தான்.

"மத்ததை நீயும் படிக்காதே, நானும் படிக்கப் போறதில்லை. நம்பர் இருக்கில்ல? அவங்கவங்க கையில கொண்டுபோய்க் குடு. என்ன பண்ணினேன்னு வாயால சொல்லிட்டுக் குடு. என் வாயால இல்லை, உன் வாயால."

பலகையை அன்றைக்கே இறக்கினான். பயிற்சி அம்மாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. அருமை, இதையே ஒரு கதையாகச் சொல்லுங்கள், மன்னிப்பு கேட்கிற வியாபாரம் மனசில் நிற்கும் என்றாள். போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். ஏன் துடைத்தோம் என்று தெரியவில்லை.

சீட்டு ஐம்பத்தெட்டு. வீடு வீடாக ஏறினான். ஓர் அம்மா கதவைத் திறந்து, கேட்டு, வாங்கி, மூடினாள். ஓர் இளைஞன் சீட்டை வாங்கியதும் முதலில் மடிப்பு பிரிந்திருக்கிறதா என்று பார்த்தான். சிலர் திட்டினார்கள். அது சுலபமாக இருந்தது. கணக்கு வாத்தியார்தான் கஷ்டப்படுத்தினார். ரிட்டயரான மனிதர், சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே, "புளுகுன்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. ஆனா சட்டையைப் போட்டுக்கும்போது யாரோ நம்மளை நினைச்சிருக்காங்கன்னு ஒரு இது. சீட்டை நிறுத்திடாதே" என்றார். படி இறங்கும்போது அவனுக்குக் கால் கூசியது.

இதற்குள் கடையில் வேறு விபத்து. அக்காவின் உதடு நின்றுவிட்டது. மேசைமுன் வாயை இறுக மூடிக்கொண்டு தேய்த்தாள். வக்கீல் காலரில் கஞ்சி ஏறவில்லை. மடிப்பு வேண்டாம் என்றவர் பேன்டில் கத்திபோல மடிப்பு. நாலு மணிக்குக் கேட்டது மறுநாள் ஆனது. பதினாறு வருடத்தில் வராத புகார் ஒரே வாரத்தில் ஏழு வந்தது.

"பழைய மாதிரி சொல்லிக்கிட்டே செய்யேன்க்கா" என்றான்.

"எப்படிடா செய்ய? இடுக்குல எவனாவது பாக்கறான்னே இருக்கு. உதட்டைப் பிரிச்சாலே கூசுது." பெட்டியை நிறுத்தி வைத்தாள். "மாசக் கடைசியோட நான் நின்னுக்கறேன் தம்பி. என்னால முடியலை."

அவள் நின்றால் கடை இல்லை. அது அவனுக்கு உறைத்தது. ஆனால் அதைவிட முன்னால் உறைத்தது வேறு. கண்ணாடிக் கடை அவனிடமிருந்து துணியைத்தான் எடுத்தது. அவளிடமிருந்து வாயை எடுத்தவன் அவன்.

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அந்த அம்மாள் வந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்துப் போட்டாள். கசங்கல் வேறு மாதிரி இருந்தது. அக்குளில் வியர்வை, மார்பில் சிந்திய காப்பிக் கறை. போட்டுக் கழற்றிய சட்டை.

அவன் சட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாய் எடுத்தான்.

"வேண்டுதல் பலிச்சிடுச்சுன்னு போர்டுல போட்டுடாதீங்க" என்றாள். சிரிப்பு இல்லை. "கட்டு மாத்தியாச்சு, இன்னும் பிரிக்கலை. கஞ்சி வேணாம். கழுத்துப் பட்டைக்கு மட்டும் லேசா வேணும், சாயங்காலம் பார்க்க ஆள் வர்றாங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி வேணும்."

"அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தான். திரைக்குப் பின்னால் அக்கா நிமிரவில்லை. அவன் மேசையின் மறுபக்கம் நின்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டான்.

"தோள்ல இன்னும் கட்டு. கஞ்சி வேணாம். அஞ்சு மணிக்கு முன்னாடி வேணும்."

தன் குரலில் அந்தச் சொல்லைக் கேட்க அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. முன்பக்கம் யாரோ புது ஆள், இடுக்கில் தலையை நீட்டி, "இங்கதான் வேண்டிக்கறாங்களாமே, அதுவா?" என்று கேட்டார். அவன் காது மடல் சூடேறியது. இந்தத் தடவை அது எந்தச் சூடு என்று தெரிந்தது.

"இல்லைங்க. ஒருத்தங்க சொன்னதைச் சொல்றேன். உங்க துணியையும் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றான்.

அவர் சொன்னார். ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். அவர் போனதும், டிராயரிலிருந்து ஊக்குகளை அள்ளி வந்தான். சீட்டுக் குத்த வாங்கியவை, இன்னும் ஒரு டப்பா இருந்தது. திரையின் இடுக்கை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் குத்தி மூடினான்.

கடைசி ஊக்கு குத்தும்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கழுத்துப் பட்டையை விட்டுட்டே. லேசா வேணும்னாங்க."

"ஆமாக்கா. லேசா வேணும்."

பெட்டி சீறியது. அதற்கு அடியில் வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று அவன் காதைத் தீட்டவில்லை. கவுன்டருக்குப் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.